ஒரு ரப்பர் வளையம் கிடைக்காவிட்டால்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தயாரித்த நிறுவனங்களே மறுபடியும் உதிரி பாகம் செய்து தருவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. மஸ்தா ரோட்ஸ்டரின் மர ஸ்டீயரிங்கும் அலாய் வீலும் படத்தில் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஸ்டீயரிங் தேய்ந்ததால் ஷெட்டில் முடங்கிய கார் எதுவும் இல்லை.

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரையே பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், கேம் ஷாஃப்ட் சுழலும் நிலையைக் காட்டும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், எஞ்சின் சூட்டில் இறுகிப்போனதும் ஆயில் கசிந்து, கீழே கூலன்ட் ஓடும் ஹீட்டர் ஹோஸில் சொட்டும். ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி ஒருநாள் கிழியும். கூலன்ட் கொட்டிவிடும், கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட்டும் போகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் வழிவதைப் பார்த்து, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல்தான் போய்விட்டது என்று கியர்பாக்ஸையே இறக்குகிறவர்கள் உண்டு. முதலில் சென்சாரின் அடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால், சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும். புது வளையத்தில் ஆயில் தடவி, கோடு சேரும்படி பொருத்தி, டயக்னோசிஸ் (பரிசோதனை இணைப்பு) பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி முனைகளை இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு போட மறந்தால் இக்னிஷன் டைமிங் எங்கேயோ போய் நிற்கும்.

1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 லிட்டர் எஞ்சினில் இன்னொரு வில்லங்கம், கிராங்க் ஷாஃப்ட்டின் முன்மூக்கு குட்டை. புல்லியில் 4 காடிகள் தெரிந்தால் அந்த வகை, 8 இருந்தால் பிந்தையது. டைமிங் பெல்ட் மாற்றும்போது நடு போல்ட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்காவிட்டால், கிராங்கையும் புல்லியையும் பிணைக்கும் சின்ன உலோகத் துண்டான கீ ஆடி ஆடித் தன் காடியையே அகலப்படுத்திவிடும். புல்லி தள்ளாடும், வண்டியில் இழுவை குறையும். ஆரம்பத்திலேயே பிடித்தால் புது கீ, புது போல்ட், லாக்டைட் பசையோடு தப்பிக்கலாம். முற்றினால் கிராங்கை மாற்ற வேண்டும், அதாவது எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். ஆக, உண்மையில் தேவைப்படுவது ஒரு கீ, ஒரு வளையம், ஓர் அடி ஹோஸ்.

இந்தச் சின்னச் சாமான்கள்தான் முதலில் நின்றுபோகின்றன. இவற்றை வார்க்கும் அச்சு பெரும்பாலும் கார் கம்பெனியிடம் இருக்காது, சப்ளையரிடம் இருக்கும். ஆர்டர் குறைந்ததும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அச்சு காயலான் கடைக்குப் போகிறது. பிறகு ஐம்பது பேர் கேட்டாலும் புது அச்சுக்கான செலவு கட்டுப்படியாகாது.

போர்ஷே இதற்கு ஒரு வழி கண்டது. மொத்தம் 292 மட்டுமே தயாரான 959 காருக்கு கிளட்ச் ரிலீஸ் லீவர் கையிருப்பில் இல்லை. 2018-ல் எஃகுத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக அச்சில்லாமலே அதைச் செய்தார்கள். ஏறக்குறைய 3 டன் சுமை ஏற்றிப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள். டொயோட்டா 2020-ல் 2000ஜிடி காருக்கு கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் பாகங்களை மறுபடி செய்தது. அந்தக் கார் 337 மட்டுமே வந்தது. பதுக்கி விற்பதைத் தடுக்க உரிமையாளர்களுக்கு மட்டும், அளவோடு தருகிறார்கள். மஸ்தாவும் தன் பங்குக்கு, ரோட்ஸ்டரோடு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரைப் பழைய 185/60 ஆர்14 அளவிலேயே திரும்பக் கொண்டுவந்தது. இவ்வளவும் ஒருபக்கம் நடக்க, அதே ஜப்பானில் பெட்ரோல் கார் 13 வயது தாண்டினால் வருட வரி கூடுகிறது!

வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று கூடுதல் விலைக்கு வரும் கிளட்ச், பிரேக் சீல் கிட்டுகளை நம்பாதீர்கள். கியர், பிராக்கெட் போன்ற உலோகச் சாமான் பெட்டியில் முப்பது வருடம் கிடந்தாலும் கெடாது. ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிடும். அதேபோல, பார்ட் நம்பரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்கக் கூடாது, சேஸிஸ் நம்பரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே வருட மாடலில்கூட நடுவில் டிசைன் மாறியிருக்கும். கழற்றிய உடைசலைத் தூக்கி எறியாதீர்கள். வரைபடம் தொலைந்துபோன சாமானுக்கு அளவெடுக்க அதுதான் மிச்சம்.

கம்பெனிகள் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஒரு பாகத்தை நிறுத்துவதற்கு ஒரு வருடம் முன்பே அதன் நம்பரை வெளியிட்டுக் கடைசி ஆர்டர் கேட்கலாம். அப்படிக் கேட்டால் கார் உரிமையாளர் சங்கங்கள் பணம் திரட்டி ஐந்நூறு வளையமாவது வாங்கி வைக்கும். அச்சையே விலைபேசவும் ஆள் வரும். இப்போதோ, கடைக்காரர் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டி, "இது நின்னு ரெண்டு வருஷமாச்சே" என்று சொல்லும்போதுதான் விஷயமே தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்