கயலுக்கு, தேவனாம்பட்டினத்திலிருந்து

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். மூன்று நாளாகக் கடல் சரியில்லை. ஃபைபர் படகைக் கரையேற்றிவிட்டோம். வலையைச் சரிபார்த்தபடி, மிதவைக் கருவிகளால் கடலை அளக்கும் உன் வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நீ சொன்ன ஆர்கோ மிதவையை எல்லோரிடமும் சொன்னேன். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய், பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும் என்றதும் ஆச்சரியப்பட்டார்கள். உலகத்தில் 4,000 அளவுக்கு மிதக்கிறதாமே. அப்புறம் உன் பெரியப்பா கேட்டார்: "நாம வலை விடுறது பத்துப் பாகம் ஆழத்துல, இருபது மீட்டர்கூட இருக்காது. அது இங்க வருமா?"

அது இங்கே வராது, கயல். நம் பிழைப்பு கரையோரத்தில்தான். உப்பனாற்று முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தது நினைவிருக்கிறதா? சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் எடுக்க ஆள் வந்தபோது உச்சி வெயில். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுக்கும், புதிதாக உண்டாக்க வெயில் இருக்காது, அதனால் விடியும் முன்தான் மிகக் குறைவாக இருக்கும் என்று நீதானே சொன்னாய். அந்த நேரத்தில் எந்த ஆள் வருவான்? நங்கூரம் போட்ட மிதவை ஒன்று அங்கே நின்றால், மணிக்கு மணி அளந்திருக்கும். மீன் சாகும் முன்பே நமக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். முன்பு ஆழ்கடலில் தூரத்தொழிலுக்குப் போனபோது, கடலை அளக்க நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்த ஒரு மஞ்சள் மிதவையில் படகைக் கட்டியிருக்கிறேன். அதன் நிழலில் மீன் சேரும். நல்ல பாடு கிடைத்தது. அப்படிக் கட்டி இழுப்பதால் கருவி கெடும், சங்கிலி அறும் என்று நீ சொன்ன அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது நம் பையன்களிடம் நானே சொல்கிறேன்.

கருவியின் அளக்கும் கண்ணில், ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும் படிந்து அளவு தப்பாகிவிடுகிறது என்றாயே. படகு அடியில் கொட்டலசு சுரண்டியே வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே மிதவை போட்டால், துடைக்கும் முறையை எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மாதம் இரண்டு முறை நானே போய்ப் பார்க்கிறேன். உன் மேலதிகாரியிடம் இதைக் கேட்டுப் பார்.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். எப்போது வருகிறாய்?

அன்புடன்,
அப்பா