புது மோட்டார் சைக்கிள் நடுவழியில் நிற்பது பற்றிய புகார்: பிழை ஓடுபவரில் இல்லை, டாங்கி மூடியில்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பான முகாமையாளர்,
தலைமை அலுவலகம், கொழும்பு.

வணக்கம்.

மட்டக்களப்பில் உள்ள உங்கள் விற்பனை நிலையத்தில் இந்த வருடம் 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று புதிதாக வாங்கினேன். கல்லடியில் இருக்கிறேன், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஸ்கூட்டி எடு, அதுதான் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு லேசு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மகிழடித்தீவு தாண்டி உள்ளே போகும் கிரவல் வீதியில் ஸ்கூட்டியின் சின்னச் சில்லு படும் பாட்டைக் கூடப் படிப்பிக்கும் டீச்சர்மாரிடம் பார்த்திருக்கிறேன், அதனால்தான் பெரிய சில்லு உள்ள கியர் பைக் எடுத்தேன். லைசன்ஸ் எடுத்து அதிக காலம் ஆகவில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சேர்விஸ் சென்டரில் இந்தப் பைக்குக்கு இதுவரை கண்டுபிடித்த ஒரே வருத்தம் அதுதான்.

பைக்கில் என்ன பிரச்சினை என்று விபரமாக எழுதுகிறேன். அங்கே யாரும் கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

காலையில் ஒரு கிக்கில் ஸ்டார்ட் ஆகும். காத்தான்குடி மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆரையம்பதியில் மண்முனைப் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் இழுவை குறையத் தொடங்கும், அக்சிலேட்டரைத் திருகத் திருக வேகம் கூடாமல் இன்னும் இறங்கும், கியரைக் குறைத்தாலும் விக்கி விக்கி ஓடி பாலத்தின் மேலே போய் நின்றுவிடும். 2014இல் அந்தப் பாலம் திறக்க முதல் சனம் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தது. பாதைக்குக் காத்து நின்றவர்களுக்குக் கரையில் ஒரு மர நிழலாவது கிடைத்திருக்கும், பாலத்தில் அதுவும் இல்லை. பின்னால் மணல் டிப்பர் ஹோர்ன் அடிக்க அடிக்க, சாறியோடு பைக்கை ஓரமாக உருட்டிக்கொண்டு போன ஆள் நான்தான். கொஞ்ச நேரம் விட்டு கிக் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அப்புறம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனதும் திரும்ப அதே கதை.

இன்னொன்றையும் கவனித்தேன். டாங்கி நிரம்ப பெற்றோல் அடித்த அன்றைக்குச் சீக்கிரமே நிற்கும். பெற்றோல் அரைவாசிக்குக் கீழே இருந்தால் பள்ளிக்கூடம் மட்டும் போய்விடும். இதைச் சொன்னபோது உங்கள் கவுண்டரில் இருந்தவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். "பெற்றோல் கூடினா பைக் நிக்குமா தங்கச்சி? புதுசா ஓடுற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் ஒண்டு சொல்லுற" என்றார். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

சரி, அவர்கள் செய்த வேலைகளுக்கு வருகிறேன். முதலில் போனபோது ஒன்றும் பார்க்காமலே "கிளச்சைப் பிடிச்சுக்கொண்டே ஓடுறீங்க போல" என்றார்கள். கிளச் பிடித்து ஓடினால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி இழுக்காது. எனக்கு நடப்பது எஞ்சினே செத்துப்போவது. இரண்டும் ஒன்றா என்று கேட்டேன், பதில் இல்லை. அடுத்த முறை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போடும் சொக்கை மூட மறந்து ஓடுகிறேன் என்றார்கள். பிளக்கை மாற்றி, காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, இரண்டுக்கும் பில் போட்டார்கள். பிளக் தேயும் சாமான், வரண்டியில் வராது என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்றிய பழைய பிளக்கைக் கேட்டு வாங்கிவந்தேன். நுனியில் கரி துளியும் இல்லை, சுண்ணாம்பு பூசினதுபோல வெளிறிக் கிடக்கிறது. சொக் போட்டபடி ஓடினால் பெற்றோல் கூடிப்போய் பிளக் கறுத்துக் கரி பிடித்திருக்க வேண்டும். வெளிறிய பிளக் என்றால் பெற்றோல் காணாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சொக் என்று சொன்னவருடைய கையில்தான் அந்தப் பிளக் அப்போது இருந்தது.

அதற்கும் பிறகு போனபோது ஸ்லோவை, அதாவது அக்சிலேட்டரைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, கூட்டிவிட்டார்கள். உங்கள் கையேட்டில் ஸ்லோ 1400 ஆர்பிஎம் அளவில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இவர்கள் கூட்டிய கூட்டலில் அக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தள்ளிக்கொண்டே போகிறது, ஊறணிச் சந்தியில் வளைவெடுக்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடிதான் திரும்ப வேண்டியிருக்கிறது. பழகிய கைக்கு அது பரவாயில்லை. புது ஆள் என்று வாய்க்கு வாய் சொல்கிற நீங்கள், அந்தப் புது ஆளிடம் தானாகத் தள்ளும் பைக்கை எப்படிக் கொடுத்து விட்டீர்கள்? நடுவழியில் நிற்பது அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீதியோரத்தில் கராச் வைத்திருக்கும் ஒரு அண்ணன். பைக்கை உருட்டிக்கொண்டு வருவதைக் கண்டு அவராகவே கூப்பிட்டார். எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது, நிரம்ப அடித்தால் என்ன, குறைந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லி முடிக்க, "மூடியைத் திறக்காதீங்க டீச்சர், நான் திறக்கிறன்" என்று திறப்பை வாங்கி, டாங்கிக்குக் கிட்டக் காதை வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. மூடி திறந்தபடி கிக் அடித்தார், முதல் அடியிலேயே ஸ்டார்ட். பிறகு மூடியைத் துடைத்துத் தலைகீழாகப் பிடித்து வாயால் ஊதிக் காட்டினார், காற்று மறுபக்கம் வரவில்லை. காற்று போகும் சின்னத் துளையில் ரப்பர் வளையத்துக்குக் கீழே பிசின் மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தார். காசு வேண்டாம் என்றார்.

உங்கள் மெக்கானிக்மாருக்குத் தெரியாத விடயம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். இந்தப் பைக்கில் பெற்றோல் பம்ப் கிடையாது. டாங்கியில் இருந்து காபரேட்டருக்கு பெற்றோல் தன் பாரத்தில்தான் இறங்குகிறது. இறங்கிய பெற்றோலின் இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் மேலே வெற்றிடம் பிடித்து பெற்றோல் இறங்காது. ரின்பாலுக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் எப்படி வரும், நாங்கள் எல்லோரும் இரண்டு ஓட்டை போடுகிறோம்தானே. டாங்கி நிரம்பியிருந்தால் மேலே காற்றுக்கு இருக்கும் இடம் கொஞ்சம், கொஞ்ச பெற்றோல் இறங்கியதுமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டாங்கி குறைந்திருந்தால் மேலே காற்று நிறைய, பிடிக்கச் சுணங்கும். கவுண்டரில் சிரித்தார்களே, அந்தக் கதைக்குள்தான் விடையே இருந்திருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் என்னவென்றால், உங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் முதலில் செய்தது பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்ததுதான். திறந்த உடனே காற்று உள்ளே போய்விடும், பிழையும் போய்விடும். பிறகு சென்டருக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் ஓடிவிட்டு, "பைக் நல்லாத்தானே ஓடுது" என்று கையில் தருவார்கள். ஒரு தடவையாவது யாராவது நான் சொன்ன தூரத்துக்கு, காத்தான்குடி தாண்டி ஆரையம்பதி மட்டும் ஓடிப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இவ்வளவும் நடந்த பிறகு, மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நன்றி கூட எதிர்பார்க்கவில்லை. "வெளிக் கராச்சில கை வச்சிட்டீங்க, இனி வரண்டி இல்ல, மறுகா வந்து பிரச்சினை சொல்லக் கூடாது" என்றார்கள். வரண்டிப் புத்தகத்தை வீட்டில் வந்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். வெளியார் எஞ்சினைக் கழற்றினால், வயரை வெட்டி வேறு சாமான் பூட்டினால் என்றுதான் இருக்கிறது. டாங்கி மூடி பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெற்றோல் செட்டில் பம்ப் அடிக்கும் தம்பியும்தான் என் மூடியைத் திறக்கிறார், அவரும் வெளியார்தான், அப்படிப் பார்த்தால் இந்த நாட்டில் ஒரு பைக்குக்கும் வரண்டி இருக்காது.

எனக்கு வேண்டியது இவ்வளவும்தான். வரண்டி தொடர்கிறது என்று உங்கள் தலைமை அலுவலகத்தின் கடிதத் தாளில் எழுதித் தர வேண்டும், வாயால் சொன்னது போதாது. மூடியைப் புதிதாக மாற்றித் தர வேண்டும், கம்பியால் குத்திய துளை திரும்ப அடைக்காது என்று யாரும் பொறுப்பெடுக்க முடியாது. தேவையே இல்லாமல் மாற்றிய பிளக்குக்கும் காபரேட்டர் கழுவிய கூலிக்கும் வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும், பில்களின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். ஸ்லோவைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, எஞ்சின் சூடான பிறகு, நான் நிற்கும்போது வைத்துத் தர வேண்டும். இதோடு, பைக்கை விடும்போது வாடிக்கையாளர் சொல்வதை ஜொப் காட்டில் அவர் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். என்னுடைய எல்லா ஜொப் காட்டிலும் முறைப்பாடு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரிதான், ஸ்டார்ட் பிரச்சினை என்று. ஸ்டார்ட்டில் எனக்கு எந்தக் காலத்திலும் பிரச்சினை இருந்ததில்லை. நான் வாங்கிய அதே மாதத்தில் விற்ற மற்றப் பைக்குகளின் மூடிகளையும் ஒருக்கால் ஊதிப் பாருங்கள். எனக்குப் பாலத்தில் நின்றது, வேறு யாருக்காவது டிப்பருக்கு முன்னால் நிற்கலாம்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இந்தக் கடிதத்தையும் பில்களையும் அந்த வெளிறிய பிளக்கின் படத்தையும் அனுப்புவேன், அவர்களின் 1977 இலக்கத்துக்கும் அழைப்பேன். வெருட்டுவதற்காக எழுதவில்லை, அடுத்து என்ன செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மாரி தொடங்க முதல் இது முடிய வேண்டும், அந்தக் கிரவல் வீதியில் மழைக்குள் பைக் உருட்ட என்னால் ஏலாது.

போனில் பேசுவதென்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, 2 மணிக்குப் பின் எடுங்கள். பைக்கைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டு வருகிறேன், ஆனால் இந்த முறை மூடியை நான் சொல்லும் வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில்கள், ஜொப் காட் பிரதிகள், பிளக்கினதும் மூடியினதும் படங்கள்