கொலுவுக்குத் தலைப்பு வேண்டாம்

எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் கொலுப் போட்டி நடத்தும் மகளிர் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்த நவராத்திரிக்கான தலைப்பைச் சென்ற வாரம் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனீர்கள். அறுபடை வீடு. என் வீட்டு வாசலில் நின்று, "உங்கள் கொலுவைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்" என்றும் சொன்னீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் அந்தத் தலைப்பில் நான் எதுவும் செய்யப் போவதில்லை. முருகன் மேல் எனக்கு வருத்தமில்லை, அவரும் என்மேல் கோபித்துக்கொள்ள மாட்டார். காரணத்தை வாசலிலேயே சொல்லியிருந்தால் கர்வமாகக் காதில் விழுந்திருக்கும். தனியாக ஒருவரிடம் சொன்னால் நாலு வாய் மாறி வேறொன்றாகிவிடும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். காகிதக் கூழில் பொம்மை செய்வது எங்கள் வீட்டில் மாமியார் காலத்துப் பழக்கம். பழைய நாளிதழைக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைக்க வேண்டும். வெந்தயம்தான் பசை. அந்தக் காலத்தில் இதே கூழைக் குடத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தார்கள், முறத்தின் இடுக்குகளில் பூசினார்கள். கூழ் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுபடி அப்பி, மறுபடி காயவைத்து, அதன் பிறகுதான் வண்ணம். ஆனியில் தொடங்கினால் ஆடிக் காற்றில் நன்றாகக் காய்ந்துவிடும் (மொட்டை மாடியில் வைத்தால் பொம்மையே பறந்துவிடும் என்பது வேறு விஷயம்). ஆவணி, புரட்டாசி மாலைகளில் சேலத்தில் இடியும் மழையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது கூழ் காயாது, பூசணம்தான் பூக்கும்.

நீங்கள் தலைப்பு அறிவிப்பது ஆவணிக் கடைசியில். அதற்குப் பிறகு புதிதாக எதைச் செய்ய முடியும்? கடைக்குத்தான் போக முடியும். தெர்மாகோல் பலகை, மினுக்குத் தாள், பிளாஸ்டிக் மரம், ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள். தலைப்பு வந்த நாளிலிருந்து எல்லா வீட்டுப் பார்க்கிலும் (கொலுப்படிக்கு முன்னால் தரையில் அமைக்கும் காட்சியைத்தான் சொல்கிறேன்) ஒரே மரம் நிற்பதற்கு யாருடைய கைத்திறனையும் குறை சொல்ல முடியாது. வேறு எதற்கும் நாள் இல்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் பார்க் என்றால் கடுகு தூவி மூன்று நாலு நாள் காத்திருப்போம், கேழ்வரகுக்கு இன்னும் சற்று அதிக நாள். இப்போது பச்சைப் பாய் விரித்துவிடுகிறோம்.

தலைப்பு கொடுத்தால் எல்லோருக்கும் ஊக்கம் வரும் என்கிறீர்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது, அக்டோபரில் நவராத்திரி. தலைப்பும் அதுவே. தெருவெங்கும் நிலவுகள். சாம்பல் நிறத் தெர்மாகோலில் குழி தோண்டி, அதன் மேல் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஏதோ ஒரு பெட்டி. சில வீட்டில் அதற்கு மூன்று கால், ஒரு வீட்டில் இறக்கைகூட இருந்தது. நடுவில் ஒரே ஒரு வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி செய்திருந்தாள். நிலவில் இறங்கிய கலமான விக்ரமுக்கு நாலு கால், அதிலிருந்து வெளியே வந்த வண்டியான பிரக்யானுக்கு ஆறு சக்கரம், இறங்கிவரச் சாய்வுப் பலகை, எல்லாம் தீப்பெட்டி அட்டையில். யார் வந்தாலும் சக்கரத்தை உருட்டிக் காட்டி, எந்தச் சக்கரம் எதற்கு என்று விளக்கிக்கொண்டே இருந்தாள், சுண்டல் ஆறிப்போனது. நீங்கள் தலைப்பு கொடுக்காவிட்டாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள். மற்றவர்கள் செய்திருக்க மாட்டார்கள். பரிசு யாருக்குப் போனது என்று இப்போது கிளற வேண்டாம்.

அறுபடை வீட்டுக்கும் இதுதான் நடக்கும். திருச்செந்தூர் கடற்கரையில் இருக்கிறது, ஆனால் ஆறு வீடும் ஆறு மலையாக வந்து நிற்கும், பாருங்கள். சுவாமிமலை ஒரு கட்டுமலை. அதன் அறுபது படிகளுக்கும் அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர். அதைச் செய்ய ஆசைப்படுகிறவள் அறுபதையும் எண்ணி வைப்பாள், பிரபவ, விபவ என்று சின்ன எழுத்தில் எழுதியும் வைப்பாள். கட்டாயத்துக்குச் செய்கிறவள் ஏழெட்டோடு நிறுத்திவிடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அந்தப் படிகள் தேவையாக இல்லை.

நம் ஊரில் பிறர் சொன்ன வடிவத்தைச் செய்து கொடுப்பது இழிவான வேலை இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறவர் வியாபாரி கேட்ட வடிவத்தைத்தான் செய்கிறார். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறியில் உட்காருகிறவர் கரை எத்தனை அங்குலம் என்று தானாக முடிவு செய்வதில்லை. பாவும் கணக்கும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. சேலம் வெண்பட்டு வேட்டி அப்படித்தான் பேர் வாங்கியது. அவர்கள் அதற்குக் கூலி வாங்குகிறார்கள், போதாத கூலியாக இருந்தாலும். கொலு வைக்கும் நமக்கு என்ன கூலி? முதல் பரிசு ஒரு எவர்சில்வர் தூக்கு. சம்பளம் இல்லாத வேலையில் நமக்குக் கிடைப்பது, எதைச் செய்வது என்று நாமே முடிவு செய்யும் சுகம் மட்டும்தான். ஆண்டு முழுவதும் காலைப் பலகாரத்திலிருந்து கல்யாணத்துக்குக் கட்டும் புடவை வரை நாலு பேர் விருப்பத்தைக் கேட்டு நடக்கிற வீடுகள் நம்முடையவை. அந்த ஒன்பது நாளும் கூடத்தின் ஒரு மூலை நம்முடையது. அந்த மூலைக்கும் ஏன் மேலிடத்து உத்தரவு?

கட்டுப்பாடு இருந்தால்தான் நல்ல வேலை வரும் என்று உங்களில் மூத்தவரான அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்குப் பிடித்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவு இன்னும் நிற்கிறது. 1935-இல் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-இலும் அங்கிருந்துதான் வந்தன. கண்டிப்பு இல்லாமல் அது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதர் ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தின் லீட்ஸ் வரை போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்தவர். ஊர் அவருக்கு எழுதிவைத்த தலைப்பு நூலும் தறியும்தான். சினிமாவை அவராகத் தேர்ந்தெடுத்தார், அதையும் சென்னைக்குப் போகாமல் சேலத்தில். கண்டிப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஆசைப்பட்ட வேலையில் நானும் என்னைக் கண்டிப்பாகத்தான் நடத்துகிறேன், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஆண்டு என் பார்க்கில் ஏற்காடு மலைப்பாதை. ஆனியிலேயே தொடங்கிவிட்டேன். ஏன் ஏற்காடு என்றால் பெரிய காரணம் இல்லை. பஸ் மலை ஏறும்போது கீழே சேலம் ஒரு வளைவில் இடப் பக்கமும் அடுத்த வளைவில் வலப் பக்கமுமாக மாறி மாறி வருவதும், ஒவ்வொரு முறையும் ஊர் இன்னும் கொஞ்சம் சிறுத்திருப்பதும் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். அதைப் பார்க்கில் காட்ட முடியுமா என்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவு இருபது. படிகளுக்கு முன்னால் எனக்கு இருக்கும் இடத்தில் இருபதும் அடங்க வேண்டுமென்றால் மலை செங்குத்தாகிவிடுகிறது, பஸ் நிற்காமல் சறுக்குகிறது. பத்தாகக் குறைத்துவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். குறைக்க மாட்டேன். பஸ்ஸைச் சிறிதாக்கிவிட்டேன்.

சரிவில் காபித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து ஏற்காட்டில் காபி இருக்கிறது. செடிகளுக்கு மேலே நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி. கோடை மழை ஒன்று விழுந்ததும் காபிக் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துச் சில நாளில் கொட்டிவிடுமே, அந்தச் சில நாளைத்தான் வைக்கிறேன். பூவுக்கு என்ன செய்வதென்று வெகு நாள் யோசித்தேன். பஞ்சு பெரிதாகத் தெரிந்தது, ரவை கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் நம் ஊர் ஜவ்வரிசியே கைகொடுத்தது, பொடி ஜவ்வரிசி. இலைக்காம்பு கிளையில் சேரும் இடங்களில் கொத்துக் கொத்தாக ஒட்டினால் பூத்த கிளையேதான். எறும்பு வராமல் இருக்க வேண்டும்.

சிவப்புப் பழமும் வைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் காபி பழுப்பது கார்த்திகை, மார்கழியில். பூவும் சிவந்த பழமும் ஒரே கிளையில் ஒன்றாக நிற்காது. கொலு பார்க்க வருகிறவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை, நடுவர்களும் சிவப்புக்கு மதிப்பெண் கூட்டத்தான் செய்வார்கள். இருந்தும் வைக்க மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதத்தைக் கவனித்தபோதுதான் இதை உண்மையாகவே நான் விரும்பிச் செய்கிறேன் என்று எனக்கே தெளிவானது. ஊருக்காகச் செய்திருந்தால் இந்நேரம் குங்குமச் சிவப்பில் கடுகு உருட்டிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது போட்டிக்கு அப்பாற்பட்டது. ஒருவருக்குக் கை வரும் என்று தெரிந்துவிட்டால் நாம் அவரை விடுவதில்லை. சீர்வரிசைத் தட்டு அலங்காரம், கோயில் வாசல் கோலம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூட அட்டை வேலை, எல்லாம் அவர் தலையில். "உனக்கு என்ன, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவாய்" என்று பாராட்டும் சேர்ந்தே வரும். செய்யத் தெரியும் என்பதாலேயே செய்ய விருப்பம் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்கிறோம்? அதே போல, கொலுவில் ஈடுபாடே இல்லாத பெண்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நன்றாகப் பாடுவாள், ஒருத்திக்குக் கணக்கெழுத்துத்தான் உயிர். போட்டி அட்டவணையில் அவர்கள் வீட்டுக்கும் ஒரு நேரம் குறித்துவிட்டால் மறுக்க முடியாமல் படி கட்டி, கடன் வாங்கிய பொம்மைகளை அடுக்கி, முடிந்ததும் எல்லாவற்றையும் பரணில் ஏற்றுகிறார்கள். கலசமும் ஒரு ஜோடி மரப்பாச்சியும் வைத்தாலே கொலுதான். அதற்கும் மனமில்லாத வீட்டில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம், எந்த அம்பாளும் கோபிக்க மாட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தலைப்பை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் சித்திரையிலேயே சொல்லுங்கள், கையால் செய்ய விரும்புகிறவர்களுக்கு வெயில் மிச்சம் இருக்கும். பெயர் கொடுத்தவர் வீட்டுக்கு மட்டும் நடுவர்கள் போகட்டும். பரிசு கட்டாயம் வேண்டும் என்றால், வீட்டுக்காரர் தன் பொம்மையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள், உயரத்தையும் விளக்குகளையும் எண்ண வேண்டாம். தலைப்பே இல்லாமல் போட்டி களைகட்டாது என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. முதல் ஆண்டு கொஞ்சம் களை குறையத்தான் செய்யும்.

இந்த ஆண்டுப் பட்டியலில் என் வீட்டு எண்ணை அடித்துவிடுங்கள். ஆனால் எல்லோரும் கட்டாயம் வாருங்கள். வெள்ளிக்கிழமை கடலைப் பருப்புச் சுண்டல். மேல் வளைவுகளுக்கு இன்னும் கூழ் தேவைப்படுகிறது, பழைய நாளிதழ் இருந்தால் மழை வலுக்கும் முன் கொடுத்தனுப்புங்கள். வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம், அது சரியாக ஊறாது.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் கொலு வைக்கும் ஒருத்தி