வலிப்பு மாத்திரையும் வகுப்பறைச் சோர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் மாணவர்களிடம் ஊக்கம் குறைந்துவிட்டது என்று பள்ளிகளிலும் இதழ்களிலும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் அரிதாகவே இடம்பெறும் ஒரு பிரிவினரைக் குறித்து, மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். வலிப்பு நோய்க்காக நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளே அவர்கள்.

முறையான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இந்த நன்மையைத் தரும் மாத்திரைகளே சிலரிடம் பகல் தூக்கத்தையும், மந்தத்தையும், எதிலும் மனம் ஒட்டாத நிலையையும் உண்டாக்குகின்றன. மூளை நரம்பணுக்களின் மிகையான தூண்டலைத் தணிப்பது அம்மருந்துகளின் வேலை. அப்படித் தணிக்கும்போது, பாடத்தைக் கவனிக்கவும் நினைவில் நிறுத்தவும் வேண்டிய விழிப்பும் சிலருக்குக் குறைந்துவிடுகிறது.

எல்லா மருந்துகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. 1912 முதல் பயன்பாட்டில் உள்ளதும், விலை குறைவு என்பதால் இன்றும் வழங்கப்படுவதுமான பீனோபார்பிட்டோன், சில பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்திலும் வேறு சிலரை அடங்காத துறுதுறுப்பிலும் தள்ளுகிறது. டோபிரமேட் உட்கொள்ளும் மாணவர் விடை தெரிந்திருந்தும் உரிய சொல் நாவில் வராமல் தடுமாறலாம். லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தருகிறது. சில நொடிகள் நினைவு தப்பிப் போகும் வகை வலிப்பு கொண்ட 453 சிறார்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், வால்புரோயேட், எத்தோசக்சிமைடு ஆகிய இரண்டும் வலிப்பை ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கட்டுப்படுத்தின. ஆனால் கவனக் குறைபாடு, முன்னதை உட்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், பின்னதை உட்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடமும் காணப்பட்டது. வலிப்பு நின்றதா என்று மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்காது.

நம் ஊர் மருத்துவமனைகளில் நடப்பதோ பெரும்பாலும் அதுதான். புறநோயாளிகள் வரிசையில் நெடுநேரம் நின்று உள்ளே செல்லும் தாயிடம், "மறுபடியும் ஃபிட்ஸ் வந்ததா?" என்று கேட்கப்படுகிறது. "இல்லைங்க" என்கிறார், அதே மாத்திரை அடுத்த தவணைக்கும் எழுதித் தரப்படுகிறது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே மருத்துவரைக் குறை சொல்வது நியாயமாகாது. மகள் இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. தெரிந்த ஆசிரியருக்கோ அவள் மாத்திரை உட்கொள்வது தெரியாது, ஏனெனில் வீட்டார் மறைத்துவிடுகிறார்கள். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடமளித்த சட்டப்பிரிவு 1999இல் நீக்கப்பட்ட பின்னரும், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் அச்சம் நீங்கவில்லை. மருத்துவருக்குத் தேவையான செய்தி வகுப்பறையிலும், ஆசிரியருக்குத் தேவையான செய்தி வீட்டிலுமாக முடங்கிக் கிடக்கின்றன. இடையில் அந்தப் பிள்ளைக்குச் "சோம்பேறி" என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. அந்தப் பெயரைச் சுமந்தபடி படிப்பில் ஆர்வம் காட்டு என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்பது கொடுமை.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தாய், மகள் வலிப்பு மாத்திரை உட்கொள்வதை மிகவும் தயங்கித்தான் என்னிடம் சொன்னார். எந்தெந்தப் பாடவேளைகளில் கண் செருகுகிறது, எப்போது தெளிவாக இருக்கிறாள் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தனுப்பினேன். அதைப் படித்துப் பார்த்த மருத்துவர், காலை அளவைக் குறைத்து இரவு அளவைக் கூட்டினார். அவள் வகுப்பில் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. முற்பகல் பாடங்களை விழித்திருந்து கேட்டாள், கேள்வியும் கேட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதைப் படிக்கும் பெற்றோர் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மேலும், எல்லாச் சோர்வுக்கும் மாத்திரையே காரணம் என்று முடிவு கட்டவும் இயலாது. பராக்குப் பார்ப்பது போல் தோன்றுவது கட்டுப்படாத வலிப்பாகவே இருக்கலாம். இரவில் வலிப்பு வந்து உறக்கம் கெட்டிருக்கலாம். நோயை மறைத்து வாழும் வேதனையே மனச்சோர்வாகியிருக்கலாம். வலிப்பு மருந்துகள் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்துள்ளதால், மாத்திரை தொடங்கிய பின் ஒரு பிள்ளை ஒதுங்கி ஒதுங்கிப் போனால் அதைப் பருவக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பில், தூக்கம் குறைந்தால் விடிந்து எழும்போதே கைகள் வெட்டி வெட்டி இழுக்கும். காப்பித் தம்ளர் கைநழுவும். இத்தகைய பிள்ளைகளை நள்ளிரவு வரை படிக்க வைத்து அதிகாலை நான்கு மணிக்கு எழுப்புவதும், காலைச் சிறப்பு வகுப்புக்கு வரவில்லை என்று தண்டிப்பதும் வலிப்பை வரவழைக்கும் செயல்களே. வலிப்பு திரும்பினால் மாத்திரையின் அளவு கூடும். அளவு கூடினால் மந்தமும் கூடும். படிப்பின் பெயரால் நாமே அந்தச் சுழலைத் தொடங்கி வைக்கிறோம்.

2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியச் சிறார் உடல்நலத் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் வலிப்பும் உள்ளது. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்ளும் மாணவருக்கு, பகல் தூக்கம், கவனம், பேச்சுத் தடுமாற்றம், மனநிலை ஆகியவற்றை வகுப்பாசிரியர் குறித்துத் தரும் ஒரு பக்கப் படிவத்தை அக்குழுவின் வழியாகவே மருத்துவரிடம் சேர்க்கலாம். பெற்றோரின் ஒப்புதலுடன், வகுப்பாசிரியரைத் தவிர வேறெவரும் அறியாதபடி அது அமைய வேண்டும். பள்ளிக் கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் இணைந்து, வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இதற்கான சுற்றறிக்கையை வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.