கடைசி வரிசை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடிப்படி ஏறச் சொன்னால் முனகுவார், மீன் வாங்கக் காசிமேடு வரைக்கும் நடக்கச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பார்.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் பக்கத்து வீட்டு அம்மா தன் கொள்ளுத்தாத்தாவை 1921ஆம் வருஷத்து சென்சஸில் கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னாய். பெயர், வயது, தெரு, கதவு எண், யாரிடம் வேலை பார்த்தார் என்பது வரைக்கும் அந்தக் காலத்துக் கையெழுத்திலேயே கம்ப்யூட்டரில் வந்துவிட்டதாம். "நம்ம பெரிய ஆயாவையும் அதே மாதிரி தேடலாமாம்மா?" என்று கேட்டாய்.

முடியாது கண்ணு. அங்கே இங்கிலாந்தில் நூறு வருஷம் காகிதத்தைக் காப்பாற்றி வைத்து, 2022 ஜனவரியில் திறந்து காட்டினார்கள். இங்கே கணக்கைக் கூட்டி முடித்ததும் காகிதத்தின் வேலை முடிந்தது. நம் சட்டமும் வேறு. 1948இல் வந்த சென்சஸ் சட்டப்படி ஒருவர் கொடுத்த விவரத்தை இன்னொருவர் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகக்கூடக் காட்ட முடியாது. அது நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த உறுதி இல்லையென்றால் நான் வாசலில் நின்று கேட்ட கேள்விகளுக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

நான் மூன்று முறை சென்சஸ் டியூட்டி பார்த்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும். 1991, 2001, 2011. கார்ப்பரேஷன் பள்ளி டீச்சர் என்றால் அது தலையெழுத்து. 2001இல் நீ காய்ச்சலோடு படுத்திருந்தாய், உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன் என்று இன்னும் குத்திக் காட்டுகிறாயே, அந்த டியூட்டிதான்.

பெரிய ஆயா பிறந்தது "எம்டன் குண்டு போட்ட வருஷம்". அப்படித்தான் சொல்வாள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் ஹார்பர் பக்கம் சுட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அவள் கைக்குழந்தை. அப்படியானால் 1921 மார்ச் 18 அன்று அவளுக்கு ஆறு வயது முடிந்திருக்கும். அந்த ராத்திரிதான் இங்கே கணக்கெடுப்பு. அப்போதெல்லாம் இப்போது போல மூன்று வாரம் வீடு வீடாகப் போவதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, ஒரே ராத்திரியில் நாடு முழுக்கச் சரிபார்த்து முடிப்பார்கள். உன் பக்கத்து வீட்டம்மாவின் கொள்ளுத்தாத்தாவை எண்ணியது அதே வருஷம் ஜூன் 19. மூன்று மாத இடைவெளியில் இரண்டு பேரையும் ஒரே அரசாங்கம் எண்ணியிருக்கிறது. அவருக்குப் பெயர் தங்கியது. நம் ஆயா மதராஸ் நகரத்தின் 5,26,911 பேரில் ஒரு ஆள். அந்தக் கடைசி 1 அவள்தான் என்று நானே வைத்துக்கொண்டேன், யார் கேட்கப்போகிறார்கள்?

பிறப்புப் பதிவேட்டையும் விடவில்லை. 1914ஆம் வருஷத்தில் ஒரு வரி கிடைத்தது. அப்பன் பெயர் இருக்கிறது, கூலி என்று தொழில் இருக்கிறது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெண்" என்பதோடு சரி. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவது வழக்கம், அப்புறம் போய்ச் சேர்க்க யாருக்கு நேரம்? அந்த அப்பன் பெயரும் குப்பத்துக்கு நாலு பேருக்கு இருக்கும். அதனால் நம்முடையவள்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சரி, பெயர் போகட்டும், தெருவையாவது பிடிப்போம் என்று நினைத்தேன். நீ அனுப்பிய பழைய வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் நான்கு துண்டாக எடுத்து, ஒட்டி, சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். இரண்டு நாள் அப்பாவுக்குத் தரையில்தான் சாப்பாடு. அதில் ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறது, ஹார்பர் இல்லை. ஸ்டேஷனில் முதல் ரயில் கிளம்பியது 1856இல். ஹார்பர் வேலை தொடங்கியது 1870களின் நடுவில். அதற்கு இடைப்பட்ட காலத்துப் படம்.

ஊர் மாறினாலும் இடம் மாறாதவை எவை என்று முதலில் குறித்துக்கொண்டேன். தெற்கே கோட்டை, நடுவில் ஸ்டேஷன், மேலே திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில். இன்றைய வரைபடத்தை அதே அளவுக்கு டிரேசிங் பேப்பரில் எடுத்து மூன்று புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்தேன். நகராமல் இருக்க நாலு மூலையிலும் மிளகாய்த்தூள் டப்பா, பருப்பு டப்பா. ஜார்ஜ் டவுன் தெருக்கள் அப்படியே கோடுமேல் கோடு விழுந்தன. பவளக்காரத் தெரு, அரண்மனைக்காரத் தெரு, தங்கசாலை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பெயர்தான் கூத்து. சைனா பஜார் ரோடு இன்றைக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு, பிராட்வே பிரகாசம் சாலை, பீச் ரோடு ராஜாஜி சாலை. சாதிப் பெயரை எடுக்கச் சொல்லி அரசாணை வந்தபோது சில பலகைகளில் பாதிப் பெயர் போய் மீதி நின்றது. அப்புறம் பழைய எண், புதிய எண். சென்னையில் முன்னோர் வீட்டைத் தேடுகிறவனுக்கு இந்த இரண்டு எண்ணும் போதும், பைத்தியம் பிடிக்க.

தெரு காணாமல் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை. கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல ஒரு முழு நகரமே இருந்தது, கறுப்பர் பட்டணம். 1710 வாக்கில் கவர்னர் பிட் எடுக்கச் சொன்ன வரைபடத்தில் அதன் தெருக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது கொஞ்சம் இடித்தார்கள். எதிரி மறைந்து வரக் கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று மீதியை இங்கிலீஷ்காரர்கள் இடித்தார்கள். இன்றைக்கு ஹைகோர்ட் நிற்கும் மண் அதுதான். அங்கிருந்த சென்னகேசவர் கோயிலும் போய், பிற்பாடு பூக்கடைப் பக்கம் புதிதாக எழும்பியது. இந்த எல்லைக்குள் யாரும் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. உன்னை அந்தப் பக்கம் கூட்டிப் போனபோதெல்லாம் நீ எதிரே இருந்த ஜூஸ் கடையைத்தான் பார்த்தாய்.

ஆனால் அதெல்லாம் உத்தரவு போட்டு இடித்த தெருக்கள். உத்தரவு இருந்தால் காகிதம் இருக்கும், வரைபடம் இருக்கும், நஷ்டஈட்டு மனுகூட இருக்கும். நம்முடையதை எடுத்தது கடல். கடல் யாருக்கும் நோட்டீஸ் கொடுப்பதில்லை.

ஸ்டேஷனுக்கு மேலே, வடக்கே போகப் போக இரண்டு கரைக்கோடும் பிரிந்துவிட்டன. பழைய படத்தில் மணலும் குடிசைகளும் இருக்கிற இடம் டிரேசிங் பேப்பரில் கரையோரக் கருங்கல் தடுப்புக்கு அந்தப்பக்கம், தண்ணீரில். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். ஹார்பர் சுவரை நீட்டியதும் வழி அடைபட்டது. தெற்கே வந்த மணல் அங்கேயே நின்று மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. 1876க்கும் 1975க்கும் இடையில் சுமார் 500 மீட்டர் கரை போயிருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் காலில் ஒட்டுகிற மணல் நம் பக்கம் வந்திருக்க வேண்டியது என்று அப்பாவிடம் சொன்னேன். "போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. ஆயாவின் தாத்தா மசூலா படகுக்காரர். கப்பல் தூரத்தில் நிற்கும், ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்து கரை சேர்ப்பது அவர் வேலை. ஹார்பர் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. ஆயாவின் அப்பா அதே ஹார்பரில் மூட்டை தூக்கப் போனார். அவர் கூலி வாங்கிய இடம்தான் அவர் வீட்டு வாசலையும் தின்றுகொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். கடல்காரர்களுக்கு மணல் எங்கே போகிறது என்று தெரியாமலா இருக்கும்?

தெருவின் பெயருக்கு வருகிறேன். ஆயா சொல்வாள்: "எங்க வூடு கடசி வரிசை. அதுக்கு அப்பால வலை காயப்போடற மணலு. மணலுக்கு அப்பாலதான் கடலு." கல்யாணமாகிப் போனது நடு வரிசைக்கு. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று சுற்றி அவள் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்த நடு வரிசைக் குடிசையில்தான். 1984இல் அதே குடிசையில் செத்தாள். அப்போது அதுதான் கடைசி வரிசை. வீடு மாறவே இல்லை, முன்னால் இருந்த வரிசைகள் போய்விட்டன. அதனால்தான் பெயரை வைத்துத் தேட முடியவில்லை. எந்த வரைபடத்திலும் எழுதாத அந்தப் பெயர் வருஷா வருஷம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

போன வாரம் அப்பாவும் நானும் அந்த இடத்துக்குப் போனோம். அப்பா குடை பிடிக்க, நான் டிரேசிங் பேப்பரை வைத்துக்கொண்டு கருங்கல் மேல் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன், "இன்னா ஆன்ட்டி, எதனா தவற வுட்டுட்டியா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன் (அப்பா கத்தினார்). பழைய வினாத்தாள் கட்டுக்குள் இருந்தது. இதோடு அதன் நகலை வைத்திருக்கிறேன், பிரித்துப் பார்.

1990இல் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது என் பிளாக்குக்கு ஒரு படம் வரையச் சொன்னார்கள். பக்கா கட்டடத்துக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம், ஆள் குடியில்லாததற்குக் கோடு போட்டு நிரப்ப வேண்டும். சுத்தப் பிரதியை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். இது அரைப் பரீட்சை கணக்கு வினாத்தாளின் பின்பக்கம் பென்சிலில் போட்ட மாதிரி. எந்த பிளாக் தெரியுமா? ஆயா செத்த அதே இடம். கேட்டு வாங்கவில்லை, அதுவாக அமைந்தது. வீட்டுக்கு வீடு எண் போட வேண்டும், ஆனால் கதவு என்று ஒன்று இருந்தால்தானே? ஓலைத் தட்டியில் எதை எழுதுவது? தட்டி கட்டிய மூங்கிலில் எழுதினேன். ஒரு அம்மாவிடம் தெருப் பெயர் கேட்டேன். "தெருவுக்கு இன்னா பேரு டீச்சர், கடசி வரிசைன்னு போட்டுக்க" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

படத்தில் வலது ஓரம் "கடல்" என்று எழுதியிருப்பேன். அதை ஒட்டி மேலிருந்து கீழாகப் பதினொரு முக்கோணம். கீழிருந்து நாலாவது ஆயாவின் குடிசை. அப்போது அங்கே வேறு குடும்பம், ஐந்து பேர். மேலே மூன்று முக்கோணத்தில் குறுக்குக்கோடு இருக்கிறது பார், அதைப் பிழை என்று நினைத்துவிடாதே. பட்டியல் எடுத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, 1991 பிப்ரவரியில் ஆள் கணக்கு எடுக்கத் திரும்பப் போனேன். அந்த மூன்றும் இல்லை. பென்சிலால் அடித்துவிட்டுக் கடல் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டேன். அழித்த இடத்தில் தாள் நைந்திருப்பது நகலில் தெரியாது, அசலில் விரல் வைத்தால் தெரியும்.

அந்த மூன்று வீட்டு ஆட்களையும் நான் விட்டுவிடவில்லை. விசாரித்துக்கொண்டே போனேன். இரண்டு குடும்பம் பின்வரிசையில் உறவுக்காரர் குடிசையில் ஒண்டியிருந்தது, அங்கேயே அவர்களையும் சேர்த்து எழுதினேன். மூன்றாவது குடும்பம் எண்ணூர் பக்கம் போய்விட்டது என்றார்கள். அங்கே யாராவது ஒரு டீச்சர் எண்ணியிருப்பாள்.

இப்படிக்கு,
அம்மா