தலைக்கணக்கு ஓட்டுக்கணக்கு ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தும் தெற்கே உள்ள தனி நாடான அயர்லாந்துக் குடியரசும் மறுபடி ஒன்றாவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழக்கமாக இணைப்பை விரும்பும் கத்தோலிக்கர் வடக்கில் எண்ணிக்கையில் கூடிவிட்டார்கள், பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டன்டுகள் குறைந்துவிட்டார்கள், ஆகவே இன்றோ நாளையோ இரண்டும் ஒன்றாகிவிடும் என்று எழுதியவர் முடித்திருந்தார். எல்லைக்குத் தெற்கே பக்கத்திலேயே, டண்டாக் நகரில் செவிலியராக வேலை பார்ப்பவள் நான். இங்கிருந்து பார்த்தால் கணக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

வடக்கின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி உள்ளவர்கள் 43.5 சதவீதம் என்பது உண்மைதான். புராட்டஸ்டன்டுகளின் பெரும்பான்மை நிலைக்க வேண்டும் என்றுதான் 1921-இல் ஆறு மாவட்டங்களைத் தனியே பிரித்தார்கள். நூறு ஆண்டில் அந்தக் கணக்கு புரண்டது பெரிய செய்திதான். ஆனால் ஐரிஷ் டைம்ஸ் நாளிதழும் இரண்டு அயர்லாந்துகளையும் ஆராயும் அரின்ஸ் ஆய்வுத் திட்டமும் சேர்ந்து வடக்கில் எடுத்த கருத்துக்கணிப்பைப் பாருங்கள். 2022-இல் இணைப்புக்கு ஆதரவு 27 சதவீதம், 2024-இல் 34. எதிர்ப்பு 50-லிருந்து 48-க்குத்தான் இறங்கியிருக்கிறது. ஆதரவு ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கத்தோலிக்கர் எல்லாரும் இணைப்புக்கு ஓட்டுப் போடுவதாக இருந்தால் இந்த எண் வந்திருக்காது.

மனம் எப்படி மாறுகிறது என்பதை என்னோடு இரவுப் பணி பார்க்கும் ஓர் அக்காவிடம் கண்டேன். எல்லைக்கு வடக்கே உள்ள நியூரியிலிருந்து காரில் வருகிறவர், கத்தோலிக்கர். முன்பெல்லாம் இணைப்புப் பேச்சு வந்தால், "மனசுக்குப் பிடிக்கும், ஆனால் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்க ஐம்பது அறுபது யூரோ யார் கொடுப்பது?" என்பார். வடக்கில் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, மருந்துச் சீட்டுக்கும் காசு இல்லை. தெற்கில் இலவச சிகிச்சைக்கான அரசு மருத்துவ அட்டை இல்லாதவர்களில் பெரும்பாலோர் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். இப்போது அவருடைய அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மூன்றாவது ஆண்டாக வரிசையில் காத்திருக்கிறார். "இலவசம்தான், ஆனால் கையில் கிடைத்தால்தானே!" என்று போன வாரம் சொன்னார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இப்படி யோசிக்கத் தொடங்கியவர்கள் பலர். 2016-இல் வட அயர்லாந்து 55.8 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க விரும்பியது. அந்த விருப்பம் எடுபடவில்லை. வடக்கின் நீண்ட கால வன்முறையை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்தோடு நிம்மதியாக இருந்தவர்களையும் அது உலுக்கிவிட்டது.

எல்லை என்று சொல்கிறோமே, அது எங்கே என்று கேட்டால் காட்டுவதே கடினம். சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான். நிறுத்துவார் இல்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த காலத்தில் பிரிட்டிஷ் விசா இல்லாமல் நான் நியூரிக்குப் போக முடியாது. அந்த அக்கா கண்ணுக்குத் தெரியாத கோடு என்று சிரித்த இடத்தில் எனக்கு மதில் இருந்தது. ஐரிஷ் குடியுரிமை வாங்கிய வாரம் அங்கே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன். வேறு வேலை ஒன்றும் இல்லை.

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது தெற்கை. 1998-இல் வடக்கின் மீதான உரிமைக் கோரிக்கையை அரசியலமைப்பிலிருந்து எடுக்க இங்கே 94 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இப்போதும் இணைப்பு வேண்டுமா என்றால் மூன்றில் இருவர் வேண்டும் என்கிறார்கள். வட அயர்லாந்துக்கு லண்டன் ஆண்டுதோறும் கொடுக்கும் பல நூறு கோடி பவுண்டை இனி யார் தருவது என்று கேட்டால் சுருதி இறங்குகிறது. கொடியையும் தேசிய கீதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றாலோ கதையே வேறு. ஒரு வாக்கெடுப்பு வந்தால் தெற்கும் தனியே சம்மதிக்க வேண்டும். இப்போது எனக்கும் அதில் ஓட்டு உண்டு. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது டப்ளின்காரர்களிடமும் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஓய்வறையில் நானே கேட்டுப் பார்த்தேன். இணைப்புக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். வடக்கிலிருக்கும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் மனத்தினருக்காகத் தேசிய கீதத்தை மாற்றலாமா என்றேன். "அதை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று ஐந்து குரல்கள். இத்தனைக்கும் அந்தப் பாட்டில் மூன்றாவது வரிக்கு மேல் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டண்டாக், அயர்லாந்து.