முதலில் தூங்க விடுங்கள், அப்புறம் ஆலோசனை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியர்கள் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள், தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள் என்று சொல்லியிருந்தது. எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொரோனா காலம் முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு அதைப் படித்ததும் மனசு ஆறவில்லை, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அழுத்தம் என்பது எங்கள் தலைக்குள் முளைப்பது போலவும், அதை நாங்களே உள்ளுக்குள் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது போலவும் கட்டுரை முழுக்கப் பேசுகிறது. எங்களுக்கு அது டியூட்டி அட்டவணையிலிருந்துதான் வந்தது.

வெளியில் இருப்பவர்கள் எங்கள் அழுத்தத்தைப் பெரும்பாலும் பயம் என்றே புரிந்துகொள்கிறார்கள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2020 ஜனவரி முதல் 2021 மே வரைக்கும் உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 மருத்துவப் பணியாளர்கள் வரை கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையில் நாமும் ஒன்றாகிவிடுவோமோ என்று நினைக்காத செவிலியர் இருந்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தொடாமல் நேராகக் குளிக்கப் போவது, தனி அறையில் படுப்பது, இருமல் வந்தால் அடக்கிக்கொள்வது, எல்லாம் இருந்தது. ஆனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் அந்தப் பயம் பழகிவிட்டது. பழகாமல் இன்றுவரை நிற்பது வேறு ஒன்று. அதைச் சொல்ல ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அன்று எனக்கு ஐந்து நோயாளிகள். சாதாரண நாளில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர், மிஞ்சிப்போனால் இரண்டு பேருக்கு ஒருவர் என்று இருக்க வேண்டிய இடம் அது. மூன்றாவது கட்டிலில் ஒரு பெரியவர், காலைக்குள் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தினரை உள்ளே விட அனுமதி இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட வார்டு போனில் அவருடைய மகளை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தேன். "சிஸ்டர், அப்பா கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, நான் பேசுறேன்" என்றாள். இரண்டு அடுக்குக் கையுறைக்குள்ளிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயசில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான்காவது கட்டிலின் சிரிஞ்ச் பம்ப், அதாவது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் செலுத்தும் கருவி, எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது நார்அட்ரினலின், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து. தீரப்போகிறது, அதற்குள் புது சிரிஞ்ச் நிரப்பி மாற்ற வேண்டும், நின்றால் அந்த நோயாளியின் பிபி கீழே போய்விடும். கூப்பிட்டுப் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் கடைசிக் கட்டிலில் ஒருவரைக் குப்புறத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், அதற்கு ஐந்தாறு பேர் வேண்டும். "அம்மா, நான் இப்போ போகணும்" என்று சொல்லி, சைக்கிள் கதை பாதியில் இருக்கும்போதே போனை வைத்துவிட்டேன்.

நான் செய்தது சரி. அந்த நான்காவது கட்டில்காரர் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனார். என்னை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அந்த மகள்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த பம்ப் சத்தத்தை எங்கே கேட்டாலும் இன்றைக்கும் என் கை ஒரு கணம் நின்றுவிடும்.

இதற்குப் பெயர் இருக்கிறது என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. செய்ய வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்தும், வேலை செய்யும் இடத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது வரும் வேதனையை, ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1984-இல் செவிலியர் அறவியல் பற்றி எழுதும்போது தனியாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அதை 'மாரல் டிஸ்ட்ரஸ்' என்கிறார்கள். தமிழில் அறவேதனை என்று சொல்லலாமா தெரியவில்லை, பொருத்தமான சொல் உங்கள் வாசகர்களுக்குத் தோன்றினால் சொல்லட்டும். இந்த வேதனை மூச்சை இழுத்து விட்டால் போகாது. அன்றைக்கு அந்த வார்டில் இன்னொரு ஜோடிக் கை இருந்திருந்தால் இந்த வேதனையே வந்திருக்காது.

சரி, இது என் ஒருத்தியின் அனுபவம் என்று யாராவது சொல்லலாம். பெருந்தொற்று தொடங்கிய முதல் வாரங்களிலேயே சீனாவில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், மூன்றில் ஒருவருக்குத் தூக்கமின்மை. செவிலியர்களிடமும் பெண்களிடமும் நோயாளிக்குப் பக்கத்திலேயே நின்றவர்களிடமும் பாதிப்பு இன்னும் கடுமையாக இருந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே நாட்டில் சாங்ஷா நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்தது. மனநல மருத்துவர்கள் சேர்ந்து தங்கள் ஊழியர்களுக்காக நல்ல திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். இணையவழிப் பாடம், தொலைபேசி உதவி எண், குழுவாக உட்கார்ந்து பேசும் கூட்டம், எல்லாம் இருந்தது. ஆனால் ஊழியர்கள் அதில் கலந்துகொள்ளத் தயங்கினார்கள். செவிலியர்கள் எரிந்து விழுந்தார்கள், ஓய்வெடுக்க மறுத்தார்கள், பார்த்தாலே தெரிகிற அளவுக்குத் தவித்தார்கள், ஆனால் கேட்டால் "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றார்கள். அப்புறம்தான் 13 பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். பலரும் சொன்ன பதில் ஒன்றுதான்: எங்களுக்கு மனநல ஆலோசகர் தேவையில்லை, இடையூறு இல்லாத ஓய்வும் போதுமான பாதுகாப்பு உடைகளும்தான் தேவை. வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாது, தனிமைப்படுத்தலுக்கு ஒத்துழைக்காத நோயாளிகளைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அந்த மருத்துவமனை திட்டத்தையே மாற்றியது. தங்கி ஓய்வெடுக்க இடம், சாப்பாடு, அன்றாடத் தேவைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தது. வார்டில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப உதவியது. ஆலோசகர்கள் ஓய்வு அறைக்கே வந்து, பேச விரும்புகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டார்கள். 2020-இல் லேன்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் இது ஒரு சின்னக் கடிதமாகவே வெளிவந்தது. மருத்துவமனை நிர்வாகிகள் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் வேலை பார்த்த இடத்தில் இது தலைகீழாக நடந்தது. சுவர் முழுக்க எங்களை வீராங்கனைகள் என்று சொல்லும் போஸ்டர்கள். நைட் டியூட்டி முடித்து வந்தவர்களும் மதியம் 2 மணிக்கு இணையவழி "மனஉறுதிப் பயிற்சி"யில் உட்கார வேண்டும், வருகைப் பதிவு கட்டாயம். தூங்க வேண்டிய நேரத்தில் எங்களை எழுப்பி எப்படித் தூங்குவது என்று பாடம் எடுத்தார்கள். வீராங்கனை என்ற பட்டத்தால் வந்த கஷ்டம் இன்னொன்று. அதைச் சூட்டிய பிறகு, எனக்கு முடியவில்லை, இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்க எங்களுக்கே வாய் வரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நாங்கள் எப்படித் தாக்குப்பிடித்தோம் என்று கேட்டால், என்னளவில் பதில் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். பிபிஇ என்ற பாதுகாப்பு உடை மாட்டும் இடத்தில் அவர் நிற்பார். ஒவ்வொருவர் முகக்கவசத்தின் ஓரத்தையும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார், மார்க்கர் பேனாவால் எங்கள் மார்பில் பெயரை எழுதுவார், எழுதும்போதே காதில் விழும்படி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கின?" நான்கு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அன்றைக்கு அந்தப் பெண்ணை வெளிப்பக்கத்துக்குப் போட்டுவிடுவார். மருந்து எடுத்துக் கொடுப்பது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேஸ் ஷீட் எழுதுவது, ஆக்சிஜன் சிலிண்டருக்கு போன் செய்வது, இப்படியான வேலைகள். காரணம் யாருக்கும் சொல்லமாட்டார், அட்டவணையில் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான். சில நாள் மாற்றிப் போட ஆளே இருக்காது, அப்போது அவரே உடை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். முகக்கவசம் குறைவாக வந்திருந்தால் குறைவாக வந்திருக்கிறது என்று எங்களிடம் நேராகச் சொல்லிவிடுவார், மழுப்பமாட்டார். அந்த வீடியோ காலுக்கு மறுநாள் நான் எவ்வளவு தூங்கினேன் என்று அவர் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளிப்பக்கம் என்று எழுதினார்.

இன்னொன்றும் செய்தோம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்டெல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிவைத்த பழக்கம் அது. ஒருவர் இறந்ததும், கருவிகளைக் கழற்றுவதற்கு முன்னால், அங்கே இருக்கும் எல்லோரும் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் போல மௌனமாக நிற்பது. பிரார்த்தனை வேண்டுமானால் அவரவர் மனசுக்குள். எங்களில் ஒரு சின்னப் பெண் இதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். ஒரு நிமிடம்கூட இல்லாத ராத்திரிகளில் பத்து விநாடி நின்றோம். இறந்தவர் ஒரு மனிதர், அடுத்த நோயாளிக்கான காலிக் கட்டில் இல்லை என்பதை எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ள அது தேவைப்பட்டது. தளர்ந்து கிடந்த பல பேரை அந்தச் சில விநாடிகள் நிமிர்த்தியதை நான் பார்த்தேன்.

எல்லோரும் இப்படி நல்ல வழியிலேயே சமாளித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. தூக்க மாத்திரைக்குப் பழகியவர்கள் உண்டு. வீட்டில் யாரிடமும் பேசாமல் போனவர்கள், சும்மா உட்கார்ந்தால் நினைவு வருகிறது என்று கூடுதல் டியூட்டியைக் கேட்டு வாங்கியவர்கள், ஒரு நாள் அடையாள அட்டையை மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் எல்லாம் உண்டு. அவர்களைப் பலவீனமானவர்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்று சொல்லும், வேலையில் கருகிப்போவதை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் நோய் என்று வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. அதற்கு வெகு முன்பே, 2002-இல், லிண்டா ஐகன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அவர் கருகிப்போகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுவதாகக் காட்டிவிட்டார்கள். எங்கள் மனநலத்தையும் நோயாளியின் உயிரையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

ஆள் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அது உண்மையான கேள்விதான். 2020-ஐச் செவிலியர்கள் ஆண்டு என்று பெருந்தொற்றுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். அந்த ஏப்ரலில் வந்த உலக அறிக்கை, உலகில் சுமார் 2.8 கோடி செவிலியர்கள் இருப்பதாகவும் இன்னும் 59 லட்சம் பேர் பற்றாக்குறை என்றும் சொன்னது. அலை வந்த பிறகு ஆள் தேடினால் கிடைக்காது, அதனால்தான் அலை இல்லாத இப்போது இதை எழுதுகிறேன்.

மனநல ஆலோசனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே போனேன், எல்லாம் அடங்கி ஒன்றரை வருஷம் கழித்து. ஆறு தடவை போனேன், பயன் இருந்தது, அந்த ராத்திரியைப் பற்றி இப்படி எழுத முடிவதே அதனால்தான். ஆனால் மருத்துவமனைக்குள் இருந்த ஆலோசகரிடம் போகவில்லை. என் பெயர் பணிக்கோப்பில் ஏறிவிடும், பதவி உயர்வு வரும்போது இவளுக்கு மனநிலை சரியில்லை என்று யாராவது எடுத்துப் பேசுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு மட்டும் இருந்ததில்லை. யார் வந்தார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாது என்ற உறுதி இல்லாமல் எத்தனை ஆலோசகர்களை நியமித்தாலும் அந்த அறை காலியாகத்தான் இருக்கும். அதேபோல, நடந்ததையெல்லாம் ஒரே தடவையில் கொட்டிவிடச் சொல்லிக் கட்டாயமாகக் கூட்டம் போடுவதும் வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன பாதிப்பைத் தடுக்க அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2018-லேயே சொல்லிவிட்டது.

ஒன்றரை வருஷம் என்று சொன்னேன் அல்லவா, அது எனக்கு மட்டும் தாமதமாக வந்தது இல்லை. 2003-இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது கனடாவின் டொராண்டோ பகுதியில் அந்த நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களை, 13 முதல் 26 மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். சார்ஸ் நோயாளிகளைப் பார்க்காத மருத்துவமனைக்காரர்களைவிட இவர்களிடம் சோர்வும் மனவேதனையும் அப்போதும் அதிகமாகவே இருந்தன. பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமான அளவு கிடைத்ததாக உணர்ந்தவர்கள் ஓரளவு தப்பித்திருந்தார்கள். கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலை 2023 மே 5-ஆம் தேதி முடிந்ததாக அறிவித்தார்கள். உதவி எண்களும் போஸ்டர்களும் அதற்கும் முன்பே காணாமல் போய்விட்டன, எங்களில் பல பேருக்குத் தூக்கம் கெட ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை செவிலியர்களின் மனநலம் பற்றி எழுத நிருபரை அனுப்பும்போது, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எங்களிடம் கேட்பதற்கு முன்னால், அந்த வார்டின் கடந்த மூன்று மாத டியூட்டி அட்டவணையை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் இருந்தார்கள், தொடர்ந்து எத்தனை ராத்திரி ஒரே பெயர் வந்திருக்கிறது, யாருக்கு வார விடுப்பு வெட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதையும் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)